ஆறாம் திகதி

படிவம் நாலு பக்கம்.
முதல் மூன்றும் கந்தோருக்கு.
கடைசிப் பக்கத்தின் அடியில்
மூன்று விரல் அகலத்தில் ஒரு பெட்டி:
'உங்கள் தனிப்பட்ட இலக்கு.'
இன்று நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும்.
திலினி இரண்டு முறை ஞாபகப்படுத்திவிட்டாள்.
அவளுடைய இலக்கு
எங்கள் எல்லோருடைய இலக்குகளையும் சேகரிப்பது.

வெள்ளவத்தையில் ஏறி
கம்பியைப் பிடித்துக்கொண்டு
கோட்டைவரை கடல் பார்த்து நிற்கையில்
போன வருடத்துப் படிவத்தைப் போனில் திறந்தேன்.
'நிலுவை அறவீட்டை எண்பத்தெட்டிலிருந்து
தொண்ணூற்றிரண்டு வீதமாக்குதல்.'
எண்பத்தேழில் முடிந்தது.
'நீந்தப் பழகுதல்.'
அதற்கு வீதம் இல்லை.
ஒரு நீச்சலுடை வாங்கினேன்,
விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது.

பம்பலப்பிட்டியில் ரயில் நின்றது.
கருங்கல்லில் அலை மோதி
என் மூக்குக்கண்ணாடியில் உப்பு.
பதினொரு வருடமாக இந்தக் கடலோரம் போய்வந்தும்
கணுக்காலுக்கு மேல் நனையாதவள் நான்.
இலக்கு என்றால் பெரிதாக எழுத வேண்டுமென்று
யார் எனக்குச் சொன்னது?
யாரும் சொல்லவில்லை.
பெட்டி பெரிதாக இருந்தது,
நானும் பெரிதாக எழுதினேன்.

முதல் அழைப்பு மஸாஹிமாவுக்கு.
கிராண்ட்பாஸ். ஒரு ஓட்டோ, லீசிங்.
கட்டிய தவணை இருபத்திரண்டு.
ஒன்றைக்கூட விட்டதில்லை,
ஒன்றைக்கூட உரிய நாளில் கட்டியதுமில்லை.
திரையில் பெயர் சிவப்பு.

'ஒவ்வொரு மாதமும் பிந்துறீங்கள்' என்றேன்.
'பிந்தல்ல தங்கச்சி.
ஸ்கூல் பிள்ளைகள ஏத்துற காசு
பத்தாம் திகதிக்குப் பொறகுதான் கைக்கு வரும்.
நீங்க அஞ்சாம் திகதி கேக்கிறீங்க,
நான் பன்னிரண்டுல கட்டுறன்.
பாத்துச் சொல்லுங்களேன்.'

பார்த்தேன்.
பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு.
ஒரு சித்திரையில் மட்டும் பதினாறு.
இவ்வளவு ஒழுங்கான மனுசியை
மாதத்தில் ஏழு நாள்
கடன் கட்டாதவர் என்று வைத்திருக்கிறோம்.

பகல் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்காமல்
மற்றச் சிவப்புகளையும் கிளறினேன்.
சம்பளம் இருபத்தைந்தில் வருகிறவர்,
மரக்கறிக் கடைச் சீட்டு எட்டாம் திகதி விழுகிறவர்.
கட்டாதவர்கள் வேறு,
இவர்கள் வேறு.
இவர்கள் நாற்பத்தொரு பேர்.

கொடிப்பிலி சேரின் மேசையில் படிவத்தை வைத்தேன்:
'மார்ச் முடியுமுன்
நாற்பத்தொரு கணக்குகளின் தவணைத் திகதியை
காசு வரும் திகதிக்கு மாற்றுதல்.'
'வீதம் எங்கே?' என்றார்.
'வீதம் என் கையில் இல்லை சேர்,
திகதி இருக்கிறது.'
'இது இலக்கு இல்லை, இது வேலை.'
'எண்ணலாம் சேர். நாற்பத்தொன்று.'
அவர் பேனையின் மூடியைக் கழற்றினார்,
திரும்பப் போட்டார்.
'கிளை முகாமையாளரிடம் கேட்கிறேன்' என்றார்.
இந்தக் கட்டடத்தில் அது
ஆம் இல்லை, இல்லையும் இல்லை.

மூன்று ஐம்பத்தைந்து.
பெட்டி அப்படியே கிடந்தது.
நீந்தப் பழகுதல் என்று எழுதி, வெட்டி,
அதன் கீழே நெருக்கமாக எழுதினேன்:
'யூன் முடியுமுன்
முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பத்துவரை எண்ணுதல்.'
திலினி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.
'பகிடியா?'
'இல்லை.'
'பத்து போதுமா?'
'எனக்குப் பயம்' என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
கோவைக்குள் வைக்கையில் மட்டும்
என் தாளை மற்றவர்களுடையதற்கு நடுவில் செருகினாள்,
மேலே தெரியாதபடி.

மஸாஹிமாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒப்புதல் வரவில்லை.
இன்று ஆறாம் திகதி.
திரையை அணைக்கும்போதும் அவர் சிவப்பில்தான் இருந்தார்.

இரவு அனெக்ஸின் குளியலறையில்
நீல வாளியை விளிம்புவரை நிரப்பினேன்.
குளோரின் மணம்.
மாடிவீட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட்.
முழங்காலில் இருந்து
காதுகளைப் பொத்தி
முகத்தை வைத்தேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றுக்கும் நாலுக்கும் இடையில்
இவ்வளவு தூரம் இருக்குமென்று தெரியாது.

நாலில் தலையை எடுத்தேன்.
மூக்கெல்லாம் எரிந்தது.
துவாய் அறையில் கிடந்தது.