தூள் கழிவு

சூரமங்கலம் யார்டுக்கு வேகன் வரவில்லை
என்று ஒரு தந்தி.
வேகனை இழுக்க எஞ்சினுக்குக் கரியில்லை
என்று இன்னொரு தந்தி.
இரண்டையும் ஒரே கோப்பில் துளையிட்டுக் கட்டினேன்.
நாடா மட்டும் தாராளமாக இருந்தது.

உத்தரவு சைக்ளோஸ்டைலில் வந்தது:
நான்கு யூனிட் வரை மாதம் பன்னிரண்டு கிலோ.
அதற்கு மேல் எத்தனை வாய் இருந்தாலும் பதினெட்டு.
அரை யூனிட் பிள்ளைக்குப் பால் காய்ச்ச
அரை நெருப்பு போதுமா என்று
கோட்டைத் தெரு ஷம்ஷாத் பீ கேட்டாள்.
படிவத்தில் அதற்குக் கலம் இல்லை.
மேலே பார்த்தேன், மின்விசிறி நின்றிருந்தது.
மேட்டூர்த் தண்ணீரும் இறங்கிவிட்டதாம்.

அம்மாப்பேட்டை சாயக்காரர் பட்டாபிராமன்
ஒன்பது பேர் கார்டை நீட்டினார்.
நகமெல்லாம் நீலம்.
"வீட்டு உபயோகந்தானே?"
"ரசம் வைக்கத்தாங்க."
"என்ன ரசம், நீல ரசமா?"
வரிசை சிரித்தது, அவரும் சிரித்தார்.
குத்தினேன் முத்திரையை.
மறுநாள் அவர் தெருச் சாக்கடையில்
நீல ரசம் ஓடியதாக மொட்டைக் கடிதம்.
நேரில் போய் விசாரிக்க எனக்குச் சைக்கிள் படி கிடையாது
என்று குறிப்பு எழுதி மூடினேன்.

மூன்றாம் வாரம்
செவ்வாய்ப்பேட்டை டிப்போவில் தரை தெரிந்தது.
சாக்பீஸும் தீர்ந்துபோய்
வாட்ச்மேன் அங்கமுத்து
சுண்ணாம்புச் சுவரில் கரித்துண்டால் எழுதினார்:
கரி இல்லை.
எழுதி முடித்துத் திரும்புவதற்குள்
அந்தத் துண்டை
ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

அப்போதுதான் அடிவாரச் செக்போஸ்டில்
பதினோரு மூட்டை மரக்கரி பிடித்தார்கள்.
பர்மிட் இல்லை.
'பொது வழங்கலுக்காக ஒப்படைக்கப்படுகிறது' என்று
வனத்துறை மெமோ, லாரி, கையெழுத்து.
பத்து சாக்குகள். பதினொன்றாவது,
கற்றாழை நார் கட்டிய மூங்கில் கூடை.
கூடைக்குப் பின்னாலேயே
மலையிலிருந்து நடந்து வந்திருந்தாள் ஒருத்தி.
பெயர் சடைச்சி, ஊர் ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம்,
கையில் அபராத ரசீது, நாலாக மடித்தது.

தராசில் முப்பத்தொரு கிலோ.
இரண்டரைக் கார்டு என்று மனசு வகுத்துக்கொண்டது,
அது இப்போது எதையும் அப்படித்தான் வகுக்கிறது.
"கரி போகட்டும். கூடையைக் குடு."
மெமோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கூடையைப் பற்றி அரசு ஒன்றும் சொல்லவில்லை.
கொடுக்கலாம்.
அடியில் ஒரு படி தூளும்
விரல் விரலாய்ச் சில துண்டும் ஒட்டியிருந்தன.
தூள் கழிவு நூற்றுக்கு இரண்டு அனுமதி உண்டு,
விதி எனக்கு மனப்பாடம்.
"இருக்கட்டும், எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்,
கொஞ்சம் தாராளமாக உணர்ந்து.

அவள் கூடையைக் கவிழ்த்தாள்.
அலுவலக வாசற்படியில், இரண்டு தட்டு.
ஒரு பொடி மிச்சமில்லாமல்.
"உங்க கணக்கு கொறையவேணாம்."
கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
வெயிலில் போனாள்.

பியூன் துடைப்பம் எடுத்தான்.
நான்தான் வேண்டாம் என்றேன்.
ஐந்து மணிக்கு எல்லோரும் போனபின்
பழைய சுற்றறிக்கை ஒன்றில்
அந்தத் தூளை வாரிப் பொட்டலம் கட்டினேன்.
எங்கள் வீட்டுக் கார்டுக்கும்
அந்த மாதம் பன்னிரண்டு கிலோதான்.
பதினேழாம் தேதியே முடிந்திருந்தது.

வனஜா கஞ்சித் தண்ணீர் விட்டுப் பிசைந்து
உருண்டை பிடித்தாள்.
காயவைக்கப் பொறுமையில்லை,
முதலில் புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது.
ஏதோ காட்டு வாசனை வீடு முழுக்க.
"இது என்ன மரங்க?"

பதிவேட்டில் மரக்கரி என்று மட்டும் இருக்கிறது.
அதைத்தான் சொன்னேன்.
பருப்பு வேக நேரமானது.