பதின்மூன்றாம் சீசன், முதல் பகுதி

ஒரு வரிக்கு முப்பத்தாறு எழுத்து.
மிஞ்சினால் கண் பின்தங்கிவிடும்,
அதற்குள் கொலைகாரர் கதவைத் திறந்துவிடுவார்.
கொலைகாரர் என்றுதான் எழுதுவேன்
கடைசி ஐந்து நிமிடம் வரை.
ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை குறைவு.
தமிழில் வினைச்சொல்லே காட்டிக்கொடுக்கும்,
வந்தானா வந்தாளா என்று.
ஆகவே பிணத்தருகே நின்ற அத்தனை பேருக்கும்
சந்தேகத்தின் பேரில் மரியாதை.

டவுன்ஹால் ரோடு, லாட்ஜின் மூன்றாவது மாடி.
ஜன்னல் கூடலழகர் கோயில் பக்கம்.
சித்திரை மாதம்; மின்விசிறி
வெந்நீரைக் கலக்குவதுபோல் காற்றைக் கலக்குகிறது.
திரையில் புல்வெளி, வாத்து, தூறல்.
அவ்வளவு சின்ன ஊர்.
வாரத்துக்கு இரண்டு பேர் சாகிறார்கள்,
ஒருவரும் வீட்டைக் காலி செய்வதில்லை.

பன்னிரண்டு சீசன் அந்த இன்ஸ்பெக்டர்.
கோட்டை மாட்டுவதற்குள் பாதி கண்டுபிடிப்பார்,
மீதியை, மனைவி வைத்த சூப் ஆறும்போது.
சார்ஜண்டை அவர் அழைக்கும் 'யூ'வை
மூன்று சீசன் 'நீங்கள்' என்று எழுதினேன்.
நாலாவதில் சார்ஜண்டின் தங்கை இறந்தாள்.
மழை. காருக்குள் இருவரும். பேச்சில்லை.
பிறகு அவர், "சாப்பிட்டியா" என்றார்.
அவர் எங்கே சொன்னார்?
அவர் வாய் அசைந்தது எப்போதும் போன்ற 'யூ'வுக்கு.
என் விரல்தான் இறங்கி வந்தது.
அன்று அவர்கள் நண்பர்களானது
இங்கிலாந்தில் யாருக்கும் தெரியாது.

ஒச்சப்பனுக்குத் தெரியும்.
கீழே ரிசப்ஷனில் இரவு டியூட்டி.
ரயிலுக்கு அலாரம் வைத்தவர்கள்
பெஞ்சிலேயே தூங்கிப்போவதால்
டிவியில் சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்ப்பார்.
பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும்
அந்த ஆள் குரலைக் கேட்டதில்லை.
"என்னா குரல்மா அவருக்கு" என்பார்,
டீயும் தேங்காய் பன்னும் நீட்டியபடி.
ஷமீம் மேடம் மாடியில்
யாருக்கோ கணக்கு எழுதுவதாக அவர் நினைப்பு.
நான் திருத்தவில்லை.

போன வருடம் நடிகருக்குப் போதும் என்று பட்டது.
சுடவில்லை, குத்தவில்லை.
கடற்கரைப் பக்கம் ஒரு வீடு, மனைவிக்கு மூட்டுவலி.
பெட்டியோடு வாசலில் நின்றார்.
கிளம்புகிறேன் என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல்.
எனக்கு ஒன்றரை விநாடி.
'போகிறேன்' என்று அடித்தேன், அழித்தேன்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை
மையவாடிக்குக்கூட எடுத்துப்போவதில்லை.
'வரேன்' என்று வைத்தேன்.
மூன்றெழுத்து. மீதி வரி முழுக்க வெறும் இருட்டு.

இந்த வருடம் புது ஆள்.
தாடி. சைக்கிள். பாதாம் பால்.
பழையவர் நாற்காலியில் உட்கார்ந்து
முதல் வேலையாக உயரத்தைக் குறைக்கிறார்.
சார்ஜண்ட் அதே சார்ஜண்ட், காதோரம் நரை.
நாலாம் காட்சியில் மழை, கார்.
புதியவர் கேட்கிறார், சாப்பாட்டைப் பற்றித்தான்.
அதே ஆங்கிலம், எழுத்துக்கு எழுத்து.
கர்சர் துடித்துக்கொண்டு நிற்கிறது.
பழக்க தோஷத்தில் 'சாப்பிட்டியா' என்று விழுந்துவிட்டது.
யார் இவர், சார்ஜண்டை நீ என்று சொல்ல?
வயதில் சின்னவர், பதவியில் பெரியவர்,
வந்து பதினெட்டு நிமிடம்.
'சாப்பிட்டீங்களா' என்று மாற்றினேன்.
பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சார்ஜண்ட் பதில் சொல்லாமல்
வைப்பரைப் போட்டார். அது அவர்கள் எழுதியது.

ஒளிபரப்பான இரவு இறங்கிப் போனேன்.
இரண்டு மணி.
ஒச்சப்பன் டிவிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து
லெட்ஜரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.
"மரியாதையாத்தான் பேசுறாரு.
குத்தம் சொல்ல முடியாது" என்றார்.
ஸ்கேலை எடுத்தார், வைத்தார்.
"அவரு, வரேன்னுட்டுத்தானேம்மா போனாரு?"

பெஞ்சில் ஒருவர் புரண்டு படுத்தார்.
எங்கோ அலாரம் அடித்து
யாரும் எழாமல் தானே நின்றது.
"ஆமா, வரேன்னுதான் இருந்துச்சு" என்றேன்.

இன்றைக்கு டீக்கு அவர் காசு வாங்கிக்கொண்டார்.
மேலே இரண்டாம் பகுதி காத்திருக்கிறது,
பதினோராவது நிமிடத்தில் நிறுத்திவைத்திருக்கிறேன்,
இன்னும் யாரும் சாகவில்லை.