பதினேழாம் கிணறு

ஏழு வருசம். கடைசி நீட்டிப்பும்
ஆவணியோடு முடிகிறது.
சாயக்கழிவு சுத்திகரிப்பில் நைட் ஷிப்ட் முடித்து
திருப்பூரில் முதல் பஸ் ஏறினால்
எட்டு மணிக்குக் கோவை.
துறைக் கதவு பூட்டித்தான் இருக்கும்.

நெறியாளர் ஜெசிந்தா
என்னைவிட ஆறு வயது இளையவர்.
நான் மேடம் என்பேன்,
அவர் நாச்சிமுத்துங்க என்பார்.
இருவருக்குமே கொஞ்சம் கூச்சம்.

நாலாம் இயலில் ஒரே ஒரு எண்ணை
பென்சிலால் சுற்றினார்.
"பதினேழாம் கிணத்துல மட்டும்
உப்பு ஏனுங்க இத்தனை ஒழுக்கமா இருக்குது?"

ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்கூட்டியில்
பின்னால் உட்கார்ந்து போனேன்,
மடியில் காலி பாட்டில்கள்.
நொய்யல் கரையில் கிணறு இல்லை.
மண்ணடித்து மூடி, மேலே தகரக் கொட்டகை,
உள்ளே கூரை முட்ட பனியன் வேஸ்ட்.
"மூடி மூணு வருசமாச்சுங்ளே" என்றான் வாட்ச்மேன்.

திட்டட்டும் என்று நின்றேன்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
"அப்ப அதையே எழுதுங்க" என்றார்.

வாய்மொழித் தேர்வில்
இருபத்துமூன்று கிணறுகளைத் தாண்டி
அந்த வரியில்தான் விரல் வைத்தார் வெளித்தேர்வாளர்.
பதினேழு: கிணறு இல்லை.
ஜெசிந்தாவைப் பார்த்தேன்.
அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.
உதவ மாட்டார் என்று தெரிந்ததும்
பேச ஆரம்பித்தேன்.
நாற்பது நிமிடம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கையெழுத்துப் பக்கத்தில் அவர் பேனா எழுதவில்லை.
சட்டைப்பையிலிருந்த லாக்புக் பேனாவை நீட்டினேன்.
நீல மை. கறுப்புதான் செல்லும் என்று
ஆபீஸில் திருப்பிவிட்டார்கள்.

மறுநாளும் முதல் பஸ்.
துறைக் கதவு அன்றைக்குத் திறந்திருந்தது.