மூச்சைப் பிடிங்க

ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லிவிடுகிறேன்.
மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க.
ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்திவிட்டு
விடுங்க என்பேன்.
சிலர் நான் சொல்வதற்குள் விட்டுவிடுவார்கள்.
சிலர், பாவம், உடுப்பு மாற்றும் மறைப்புவரை
பிடித்துக்கொண்டே போவார்கள்.

அதனால்தான் அந்தச் சத்தம் முதலில் எனக்குக் கேட்டது.

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
ஜீன்ஸ் குவியலுக்கும் குக்கர் மூடிகளுக்கும் நடுவே
உறையில்லாத இசைத்தட்டு, எண்பது ரூபாய்.
நடுவில் ஒட்டிய தாளைப் பூச்சி அரித்திருந்தது.
மிச்சமிருந்தவை: ‘வயலின்’, ‘ஹானா’,
வாசித்தவர் பெயர் இருந்த இடத்தில் பிறைநிலா மாதிரி ஒரு காலியிடம்.

தட்டு சுற்றும் பெட்டி முத்தியால்பேட்டை சவரிராயனிடம் இருக்கிறது.
ஃபிரிட்ஜ் மெக்கானிக்.
கடற்காற்று எதையும் விட்டுவைக்காது என்று
ஊசியை அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பவன்.

சஹானாதான்.
ரிஷபத்தில் வந்து சாய்ந்துகொண்டது.
போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு
கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி
இன்னும் அரைமணி பேசுகிறவர்களைப் போல
கிளம்பவே இல்லை.

ஒவ்வொரு நீள வில்லுக்கும் முன்னால்
மெல்லிசாக ஒரு இழுப்பு.
ஊசி உரசுது, என்றான்.
மூச்சு, என்றேன்.
எனக்குச் சம்பளமே அதைக் கேட்பதற்குத்தான்.

இன்னொன்றும் இருந்தது. ‘டிக்.’
கீறல் என்றான் சவரி. வளையல் என்றேன் நான்.
பதிவுக்கு உட்காரும்போது யாராவது வளையலோடு உட்காருவார்களா?
கீறல் என்றால் சுற்றுக்கு ஒரு தடவை வரணும், சவரி,
நிமிஷத்துக்கு முப்பத்துமூணு. எண்ணு.
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.
முதல் நிமிஷம் நான்கு.
அடுத்தது ஒன்பது.
அப்புறம் ஒன்றரை நிமிஷம் ஒன்றுமேயில்லை.
வில் நுனிவரை போகும் இடங்களில் மட்டும்
ஒற்றை வளையல்
மணிக்கட்டில் இறங்கி எதிலோ இடித்தது.
சவரி டீ போட எழுந்து போனான்.
அவன் தோற்றால் டீ கிடைக்கும்.

போன செவ்வாய், டோக்கன் நாற்பத்தேழு.
ஞானாம்பிகை, 63, திருபுவனை.
வலது கணுக்கால். பஸ் படியில் தவறியது.
வீக்கத்துக்குச் சற்றுத் தள்ளி, உள்பக்கமாக,
பழைய ஒரு ரூபாய் அகலத்துக்குக்
கறுத்துத் தடித்திருந்தது தோல்.
சப்பணம் போட்டு உட்காருகிறவர்களுக்கு வெளிப்பக்கம்தான் காய்க்கும்.
இது வேறு.
கால் நீட்டி, அதன்மேல் ஒரு மரத்தலையைப்
பல வருஷம் இறக்கி வைத்த இடம்.

இடது விரல்நுனிகளைப் பார்க்க நினைத்தேன்,
மடக்கி முந்தானைக்குள் வைத்திருந்தார்.
வலது கை காலி.
ஏன் காலி என்று எக்ஸ்ரே அறையில் கேட்பார்களா?
வெளியே இன்னும் பதினாறு டோக்கன்,
ஒரு குழந்தை அழுகை, ஸ்ட்ரெச்சரில் ஒரு இடுப்பெலும்பு.

கணுக்காலுக்கு மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை.
பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.
பக்கத்தில் நின்றுகொண்டு, தடுப்புக்குப் போகாமல், சொன்னேன்:
மூச்சை இழுங்க.

இழுத்தார்.
எல்லார் மூச்சையும் போலத்தான் இருந்தது. கொஞ்சம் சளி வேறு.
பிடிங்க என்று சொல்ல மறந்துபோனேன்.
அவராகவே பிடித்துக்கொண்டார்,
முகத்தை லேசாக இடப்பக்கம் சாய்த்து.

தடுப்புக்குப் பின்னால் போய் நின்றேன்.
பொத்தானை அழுத்தினேன்.
படம் விழுந்துவிட்டது, திரையில் முறிவு எதுவுமில்லை.
விடுங்க என்று சொல்ல வேண்டும்.
சொன்னேன்,
கொஞ்சம் தாமதமாக.