மூடிமேல் ஒட்டிய டேப்

லஃபாயெட்டில் காரைவிட்டு இறங்காமலே
மது வாங்கலாம்.
ஜன்னலில் நிற்பவள் நான்.
மாம்பழ ரம், பெரிய கோப்பை, உறிஞ்சுகுழல் தனியாக.
மூடியின் துளைமேல்
விரலளவு டேப் ஒட்டித் தருவேன்;
அது ஒட்டியிருக்கும்வரை
திறக்காத பாட்டில் என்கிறது சட்டம்.

தம்பி அல்சீடின் சட்டைப்பையில்
ஒரு தீப்பெட்டி நிறையக்கூட இல்லை கஞ்சா.
நான்கு வருடம்.

அவனைப் புனிதன் என்று சொல்லமாட்டேன்.
புகைத்துக் கிறங்கிய ஒரு பிற்பகல்
மகளைப் பள்ளி வாசலில் மறந்தான்;
மழை.
நான்தான் போய்க் கூட்டிவந்தேன்,
திட்டிக்கொண்டே.

போன வெள்ளிக்கிழமை
அந்த ஜூரியில் இருந்த திருமதி ப்ரூசார்ட் வந்தார்.
"இன்னொரு மடக்கு ரம் சேர்த்து ஊற்று, கண்ணே."
ஊற்றினேன்.
டேப்பை இரண்டு பட்டையாக ஒட்டினேன்.
முனை திரும்புமுன்
சிவப்பு விளக்கில்
அவர் நகம் அதைச் சுரண்டுவது
இங்கிருந்தே தெரிந்தது.