உள்மூச்சு

கிருனா ஊரில் ஆம் என்று வாய்திறந்து சொல்வது குறைவு.
உதட்டைக் குவித்து
ஒரு மிடறு காற்றை வெடுக்கென்று உள்ளே இழுப்பார்கள்.
அவ்வளவுதான் ஆம்.

எரித்ரியாவிலிருந்து வந்த நர்ஸ் செனாயித்திடம்
இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.
"வலிக்கிறதா, ஹில்டிங்?"
இழுத்தார்.
"தண்ணீர்?"
இழுத்தார்.
மூச்சுத்திணறல் என்று எழுதி
ஆக்ஸிஜன் மாட்டிவிட்டாள்.
வார்டே சிரித்தது.
முகமூடிக்குள் ஆவி படர அவரும்.

பிறகு பழகிவிட்டது.
காப்பிக்கு, ஜன்னல் திரைக்கு,
மகள் வந்து போனதற்கு,
எல்லாவற்றுக்கும் அந்தச் சின்னக் காற்று.
போனில் அம்மாவிடம் அவளே ஒருநாள் இழுத்துவிட்டாள்.
சளியா என்று பதறினாள் அம்மா.

வியாழன் பின்னிரவு.
"விளக்கை அணைக்கட்டுமா?"
இழுத்தார்.
அணைத்தாள்.
கதவை எட்டும்போது
இருட்டில் இன்னொரு முறை இழுத்தார்.

அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.