மரத்தொலைபேசி

நான்கு நாளாக எங்கள் வீட்டில்
பிள்ளைகள்தான் கம்பி.
"அப்பாட்டக் கேள், சோறு போடவா எண்டு."
"அம்மாட்டச் சொல், பசி இல்லையெண்டு."
ஆரபி சிந்தாமல் கொண்டுபோவாள்.
நிதுஷன் நடுவழியில் எதையாவது பார்த்து நின்றுவிடுவான்.
ஒருமுறை நான் அனுப்பிய பசி இல்லை
பசை இல்லை என்று போய்ச் சேர,
குசினியிலிருந்து வந்தது
அவனுடைய பள்ளிக்கூடப் பசைக்குச்சி.
யாரும் சிரிக்கவில்லை.

சண்டை சீட்டால் வந்தது.
சீட்டுப் பிடித்தவன் இப்போது போன் எடுப்பதில்லை.
எவ்வளவு போட்டனீங்கள் என்று
செவ்வாய் இரவு வதனி கேட்டாள்.
மூவாயிரம் பிராங்க்.
சொல்லும்போது
பிரிட்ஜுக்குள் தலையை விட்டு
தேவையில்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைப் பயணம் அதற்கு முன்பே முடிவானது.
ஆரபியின் வகுப்பில் குலுக்கலில் விழுந்த
காட்டு நிலையத்துக்கு இலவசக் குடும்பச் சீட்டு.
"சீட்டு விழுந்திருக்கு" என்று அவள் துள்ளியபோது
நாங்கள் இருவரும்
வேறு வேறு சுவரைப் பார்த்தோம்.

லாங்கந்தாலில் இருந்து முப்பது நிமிடம்.
நான் இறங்கவேண்டிய எக்சிற்றை விட்டதில் ஐம்பது.
வதனி பக்கத்தில் இருந்து
அந்தப் பலகை வருவதைப் பார்த்தாள்,
போவதையும் பார்த்தாள்.

மழை விட்டும் விடாத காடு.
மரவீட்டுக்குள் ஈரச் சட்டைகளின் மணம்,
கண்ணாடிப் பெட்டியில் பஞ்சடைத்த வளைக்கரடி.
பொறுப்பாக நின்ற பெண் எங்களுக்காக
மெல்ல, சொல் சொல்லாக, உயர் ஜெர்மன் பேசினாள்.
ஆரபி பேர்ண் பாஷையில் மறுமொழி சொல்ல
கன்னம் சிவந்து வேகம் பிடித்தாள்.
பட்ட மரத்தில்தான் உயிர் அதிகமாம்.
வண்டு, பூஞ்சை, மரங்கொத்தி
எல்லாம் அங்கேதான் குடியிருக்குமாம்.
வதனி தலையாட்டிக் கேட்டாள்.
நான்கு நாளில் அவள் இவ்வளவு நேரம்
ஒரு பெரிய ஆளின் முகத்தைப் பார்த்தது
அப்போதுதான்.

கொட்டகைக்குக் கீழே சாப்பாடு.
ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மீன் ரோல்ஸ்.
என் தட்டில் எண்ணி மூன்று வைத்தாள்.
இன்னும் வேண்டுமா என்று கம்பி கேட்டது.
வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மரம்.
பன்னிரண்டு மீற்றர் தண்டு,
பட்டை உரித்து, இரண்டு கட்டைகளின் மேல்
படுக்கப் போட்டிருந்தார்கள்.
ஒரு முனையில் நகத்தால் சுரண்டினால்
மறுமுனையில் காது வைத்தவருக்குக் கேட்கும்.
நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது.

"அம்மா அங்க, அப்பா இஞ்ச" என்றாள் ஆரபி.
திட்டம் போட்டாளா, விளையாட்டா,
இன்றுவரை தெரியாது.
நிதுஷன் நத்தை ஒன்றோடு போய்விட்டான்.

முதலில் நான் கேட்டேன்.
குளிர்ந்த மரம் கன்னத்தில் ஒட்டியது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு காதுக்குள்ளேயே யாரோ
தீக்குச்சி உரசியதுபோல் ஒரு கீறல்,
அதன் பின்னால்
அவள் காப்பு மரத்தில் தட்டுப்பட்ட சின்ன ஓசை.
அவ்வளவு கிட்டத்தில்
அவளை நான் கேட்டுக் கன நாள்.

என் முறை.
தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு
தலைமயிரை ஒதுக்கி
அவள் காதை மரத்தில் வைத்தாள்.
ஒன்று சுரண்டினேன். இரண்டு. மூன்று.
அங்கே நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை.
நான்கு.
நகத்துக்குள் சிலாம்பு ஏறியது.
ஐந்து.

"எத்தனை அம்மா, எத்தனை கேட்டது?"
வதனி நிமிரவில்லை.
மரத்தோடு இருந்தபடியே
"அஞ்சு" என்றாள்.
"சரி!" என்று ஆரபி கை தட்டினாள்.
மேலே ஒரு கிளை
தேங்கிய தண்ணீரை
எங்கள் எல்லோர் மேலும் கொட்டியது.

திரும்பும்போது பின்சீற்றில் இருவரும் நித்திரை.
நிதுஷனின் மடித்த கைக்குள்
நத்தை இல்லாத ஓடு.
வைப்பர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது.
பத்து நிமிடம் போயிருக்கும்.
ரோட்டைப் பார்த்தபடி வதனி கேட்டாள்:
"அஞ்சா?"
"ஓம்."
"அஞ்சாயிரம்."
"ஓம்."
அவள் என் கையைப் பிடிக்கவில்லை.
ஏசவும் இல்லை.
நீலப் பலகை ஒன்று மழைக்குள் இருந்து
வந்துகொண்டிருந்தது.
"இதில இறங்குங்கோ" என்றாள்,
"காலமை மாதிரி விட்டிடாதேங்கோ."